'உதவ இயலாது' என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஏஐ சாட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆபத்தான கேள்வி வந்தால் அது பதில் சொல்லாமல் மறுத்துவிடுகிறது, அது நல்லதுதான் என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை வாசகர் கடிதத்தில் ஒருவர், மாசாமாசம் காசு கட்டியும் எதைக் கேட்டாலும் முடியாது என்கிறதே என்று காய்ச்சி எடுத்திருந்தார். மறுக்கலாமா கூடாதா என்பதோடு இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். மறுக்க வேண்டியதை மறுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மறுக்கும்போது திரையில் வருகிற அந்த ஒன்றரை வரி இருக்கிறதே, அதை யாராவது உட்கார்ந்து யோசித்து எழுதினார்களா என்பதுதான் என் சந்தேகம். எங்கள் பக்கத்து ஜனங்கள் மாட்டிக்கொண்டு முழிப்பது அந்த வரியில்தான்.

மாரண்டஹள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான். பட்டா, சிட்டா எடுப்பது, வருமானச் சான்றுக்குப் போடுவது, பிள்ளைகளுக்கு ரிசல்ட் பார்ப்பது என்று இருந்த வேலையில் இப்போது 'அந்த ஏஐகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு தம்பி' என்பதும் சேர்ந்துவிட்டது. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, ஆனாலும் தமிழில் டைப் செய்யப் பொறுமை இல்லாதவர்களும், வந்ததைப் படித்து விளக்க ஆள் வேண்டியவர்களும் கடைக்குத்தான் வருகிறார்கள். அதனால் அடுத்தவர் கேள்விகளையும் அதற்குக் கிடைக்கிற மறுப்புகளையும் தினமும் பார்க்கிற ஆள் நான்.

கார்த்திகை, மார்கழி வந்தால் எங்கள் பக்கம் ராகி முற்றும், யானையும் இறங்கும். பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பி தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று கூட்டம் கூட்டமாக வருவதை நீங்களே வருஷா வருஷம் படத்தோடு போடுகிறீர்கள். அந்தச் சமயத்தில் காட்டோரக் கொட்டாயிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் வாயால் சொன்னதை அப்படியே வாய்ஸில் விட்டேன்: 'கொல்லையில யானை இறங்குது, கம்பி வேலிக்கு கரண்ட் எப்படிக் குடுக்கறது.' வந்த பதில் இது: 'மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையில் என்னால் உதவ இயலாது. வேறு ஏதேனும் குறித்து அறிய விரும்புகிறீர்களா?' வாசித்துக் காட்டினேன். பெரியவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டார், 'ஏந்தம்பி, நான் தப்பா கேட்டுட்டனா, இல்ல அதுக்குத் தெரியலியா?'

அவர் கேட்டதற்கு அந்த ஒன்றரை வரியில் விடையே கிடையாது.

மறுத்தது சரி. 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஹள்ளி பக்கத்தில்தான் திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன, இரண்டு குட்டிகள் தாயை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. ஊரே பார்த்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த வேலியில் மனுஷர்கள் செத்த செய்தியும் நமக்குப் புதிதில்லை. ஆகவே லைனிலிருந்து கொக்கி போடுவது எப்படி என்று ஏஐ சொல்லித் தர வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் அந்த மறுப்புக்குப் பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். யானை மறுபடி இன்று ராத்திரி வரும். பெரியவர் அடுத்து யாரிடம் கேட்பார்? ஒயரிங் தெரிந்த ஒரு பையனிடம். அவன் 'உதவ இயலாது' என்று சொல்லப் போவதில்லை.

அந்த இடத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், உங்கள் வாசகர்களும் பார்க்கட்டும்:

'லைனிலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேராக வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். அது யானையை மட்டுமல்ல, மாட்டையும் ஆளையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட. யானையைத் தடுக்க அனுமதி உள்ள வழி சோலார் வேலி. அதில் பேட்டரியிலிருந்து ஒரு கருவி வழியாக விட்டுவிட்டு ஷாக் வரும், விலங்கு அடி வாங்கித் திரும்பிவிடும், உயிர் போகாது. தமிழ்நாட்டில் 2023 முதல் இந்த வேலிகளுக்குத் தனி விதிகள் உண்டு, பதிவு செய்ய வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லட்டுமா? யானை இப்போதே நிலத்தில் நின்றால் பக்கத்தில் போகாதீர்கள், வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் செய்யுங்கள்.'

இதிலும் மறுப்பு இருக்கிறது, கொஞ்சமும் தளர்த்தவில்லை. இதைப் படித்து ஒருத்தனும் திருட்டு வேலி போடக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் பெரியவருக்குத் தான் கேட்டதில் எது கூடாது, ஏன் கூடாது, அடுத்து எந்த ஆபீஸ் படி ஏறுவது என்று தெரிந்துவிடும். அவர் கேட்ட கரண்ட் வேலியை விட்டுவிட்டு, அவருக்கு வேண்டிய ராகியைக் காப்பாற்றும் வழியை எடுத்துக்கொண்டால் இந்தப் பதில் தானாக வந்துவிடுகிறது.

ஏன் இப்படி மொட்டையாக வருகிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். நாம் ஒரே வாயிலிருந்து வருவதாக நினைக்கிற மறுப்பு உள்ளே பல இடங்களிலிருந்து வருகிறது. சில சமயம் பதிலை எழுதுகிற மாடலே, அதாவது அந்த ஏஐயின் மூளையே, பயிற்சியின்போது பழக்கியபடி, கேள்வியைப் படித்து மறுக்கிறது. சில சமயம் மாடல் வரைக்கும் கேள்வி போகவே போகாது, வாசலில் தனியாக ஒரு ஃபில்டர் நின்று, வார்த்தைகளின் வாடையைப் பார்த்துத் தடுத்துவிடும், அல்லது மாடல் எழுதிய பதிலை வெளியே விடாமல் பிடித்துவிடும். இன்னும் சில சமயம், அந்த சாட்டைத் தன் ஆப்பில் வைத்திருக்கிற கம்பெனி 'எங்கள் சேவையைத் தவிர வேறெதுவும் பேசாதே' என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். மாடல் மறுத்தால் கேள்விக்கு ஏற்ற மாதிரி நாலு வார்த்தை சொல்ல அதனால் முடியும். ஃபில்டர் மறுத்தால் வருவது எப்போதோ எழுதி வைத்த ஒரே வாசகம், அதற்கு நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதே தெரியாது. இதையெல்லாம் கட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். நமக்கு வருவது மட்டும் ஒரே 'மன்னிக்கவும்'. ரேஷன் கடையில் சரக்கு வரவில்லை என்பதும், உங்கள் கார்டுக்குக் கிடையாது என்பதும், மெஷின் வேலை செய்யவில்லை சாயங்காலம் வாருங்கள் என்பதும் மூன்றும் 'இல்லை'தான், ஆனால் கேட்டவர் வீட்டுக்குப் போவதா, தாலுகா ஆபீஸ் போவதா, சாயங்காலம் திரும்பி வருவதா என்பது எந்த இல்லை என்பதைப் பொறுத்துத்தானே?

ஃபில்டர் வாடை பிடித்துத் தடுப்பது தமிழுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 2023ல் ஆய்வாளர்கள் சிலர் எக்ஸ்எஸ்டெஸ்ட் என்று ஒரு கேள்வித் தொகுப்பே போட்டார்கள். அதில் 250 கேள்விகள் முழுக்க முழுக்கத் தப்பில்லாதவை, பார்வைக்கு மட்டும் விவகாரமானவை. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு பைத்தான் ப்ராசஸை 'கில்' பண்ணுவது எப்படி என்பது மாதிரி. கொலை என்று நினைத்து மறுத்த மாடல்கள் இருந்தன. அதே வருஷம் ப்ரவுன் பல்கலைக்கழகத்தில் வேறொன்றைக் காட்டினார்கள்: ஆங்கிலத்தில் கேட்டால் ஓபன்ஏஐ கம்பெனியின் ஜிபிடி-4 மாடல் மறுக்கிற கேள்விகளையே தென்னாப்பிரிக்காவின் ஸூலு போன்ற மொழிகளில் மாற்றிக் கேட்டபோது பல நேரம் பதில் சொல்லிவிட்டது. இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிக்காரர்களுக்கு மூட வேண்டிய கதவு திறந்து கிடக்கிறது, திறக்க வேண்டியது மூடிக் கிடக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். என் கடையிலேயே, ஆங்கிலத்தில் போட்டால் ஒழுங்காகப் பதில் வருகிற கேள்வி தமிழில் போட்டால் மறுக்கப்படுவதைப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் நுணுக்கமானது. ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு பெண் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், டாக்டர் அவசரத்தில் எல்லாம் நார்மல் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாராம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். போட்டோ எடுத்துப் போட்டேன். வந்தது: 'கருவின் பாலினம் தொடர்பான சட்டவிரோதச் செயல்களுக்கு என்னால் உதவ முடியாது.' கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அது அப்படி எதுவும் கேட்கவே இல்லை. அப்புறம் ரிப்போர்ட்டின் அடியைப் பார்த்தேன். எல்லா கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே ஒரு உறுதிமொழி இருக்கும், கருவின் பாலினத்தை நான் கண்டறியவும் இல்லை, யாருக்கும் எந்த வகையிலும் தெரிவிக்கவும் இல்லை என்று. சொல்லவில்லை என்று டாக்டர் எழுதிய வரியைப் பார்த்துத்தான் சொல்லக் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறது! அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறுபடி போட்டோ எடுத்தேன். நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, தண்ணீர் போதுமா, குழந்தை எடை என்ன என்று வரிக்கு வரி விளக்கம் வந்துவிட்டது.

கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்கிற சட்டம் ஏன் வந்தது என்று தருமபுரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் எங்கள் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டிய நிலைமையில் இருந்தவர்கள் நாங்கள். ஆணா பெண்ணா என்று எந்த மெஷினும் சொல்லக் கூடாது, அதில் இரண்டு கருத்தே கிடையாது. ஆனால் 'குழந்தை ஆணா பெண்ணா என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், இந்தியாவில் 1994ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம், மற்றதை விளக்குகிறேன்' என்று சொல்லிவிட்டு விளக்கத்தில் இறங்குவதற்கு என்ன தடை? கேள்வியில் ஒரு ஓரம் ஆகாது என்றால் அந்த ஓரத்தை மட்டும் வெட்ட வேண்டும். தேடுபொறிகள் விஷயத்தில் இது ஏற்கனவே நடந்த வாதம்தான். பாலினத் தேர்வை எதிர்த்துப் போராடிய சாபு மேத்யூ ஜார்ஜ் 2008ல் போட்ட வழக்கில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் உச்ச நீதிமன்றத்தில் நின்றன. பாலினத் தேர்வு விளம்பரம் தேடுகிற வார்த்தைகளைத் தானாகத் தடுப்பது, தடுக்கும்போது இது இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்று எச்சரிக்கையும் காட்டுவது என்று 2016லேயே பேசினார்கள். தகவலையும் அறிவையும் தேடும் உரிமையை இது குறைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நீதிமன்றம் பிறகு தெளிவும் சொன்னது. இத்தனை வருஷம் கழித்து வந்த ஏஐக்கு அந்தப் பக்குவம் இருக்க வேண்டாமா?

காரணத்தைச் சொல்லிவிட்டால் திருட்டுப் பசங்கள் அதை வைத்தே சுற்றி வளைத்துக் கேட்பார்களே என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். வெடிகுண்டு, விஷ வாயு மாதிரி விஷயத்தில் மறுப்பு நாலு வார்த்தையோடு நிற்கட்டும், எந்த வார்த்தையால் மாட்டினாய் என்று விளக்க வேண்டாம். ஆனால் திருட்டு மின்வேலி குற்றம் என்பதும் பாலினம் சொல்வது குற்றம் என்பதும் சுவரில் எழுதி வைத்திருக்கிற சேதி. அதை மறைத்து யாரை ஏமாற்றப் போகிறோம்? அப்புறம், சுற்றி வளைக்கத் தெரிந்தவன் எப்படியும் வளைப்பான். காரணம் தெரியாமல் திரும்பிப் போகிறவர் அந்த ராகிக் கொல்லைக்காரர்தான்.

மொட்டை மறுப்புக்கு நேர் எதிராக இன்னொரு கொடுமையும் உண்டு. என் சித்தப்பா மகன் போச்சம்பள்ளி பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். பெங்களூரா, செந்தூரா எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிற மாசத்தில், கல் வைக்காமல் மாங்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்க வழி கேட்டான். 'கல் வைக்காமல்' என்று தெளிவாகவே கேட்டான். கார்பைட் உடல்நலத்துக்குக் கேடு, நுகர்வோர் நலனை மதியுங்கள், வணிகத்தில் நேர்மை முக்கியம் என்று பத்தி பத்தியாக உபதேசம் வந்தது. அவனுக்கு வேண்டியது ஒரு வரி: கார்பைட் கல்லுக்குத் தடை உண்டு, எத்திலின் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வரை உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதிக்கிறது, அதற்கான அறையும் அளவும் இப்படி. உபதேசம் செய்கிற மெஷின், கேட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது. என் தம்பி சொன்னதை இங்கே எழுத முடியாது.

இதைச் செய்கிற கம்பெனிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆந்த்ரோபிக் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்விலேயே, நழுவிப் போகாமல் ஏன் மறுக்கிறோம் என்று விளக்குகிற மாடல் வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஓபன்ஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட நடத்தை விதிகளில் மறுப்பு சுருக்கமாக இருக்க வேண்டும், உபதேசமாக இருக்கக் கூடாது என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது, சொல்வது அல்லது மறுப்பது என்று இரண்டாகப் பார்க்காமல் பாதுகாப்பான அளவுக்கு உதவுவது என்று பயிற்சியை மாற்றியதாகச் சொன்னார்கள். தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மாடல்களை வாங்கி நம் ஊர் ஆப்களில் தமிழில் பொருத்துகிறவர்கள் இதில் ஒரு வரியைக்கூடப் படித்ததாகத் தெரியவில்லை.

போன் நம்பர் விஷயம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மனசு ஒடிந்துபோய் யாராவது தமிழில் எழுதினால் 988க்கு அழையுங்கள் என்று ஒரு ஆப் சொல்கிறது. அது அமெரிக்க நம்பர், இங்கே போட்டால் போகாது. நமக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம். பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார்கள் என்று ஒருவர் பதறி எழுதும்போது 'மருத்துவ ஆலோசனை வழங்க இயலாது' என்று ஆரம்பிக்கவே கூடாது. முதல் வார்த்தை 108ஆக இருக்க வேண்டும், அடுத்தது மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வது. மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் இருக்கின்றன. மறுத்த கையோடு நாம் டைப் செய்ததையும் அழித்துவிடுகிற ஆப் உண்டு. தமிழில் நாலு வரி டைப் செய்வதற்குள் என்ன பாடு என்று அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது, ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்கலாம் என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கட்டைவிரலைக் கீழே காட்டுகிற பட்டன் ஒன்று வைக்கிறார்கள், அதை அமுக்கினால் 'நன்றி' என்று வருகிறது, அவ்வளவுதான். 'நான் கேட்டது இது இல்லை' என்று சொல்ல ஒரு பட்டன் வைத்திருந்தால் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காவது பிரயோஜனப்பட்டிருக்கும்.

வாயைத் திறந்து மறுப்பதைவிட மோசம், மறுப்பதையே சொல்லாமல் செய்வது. கல் குவாரி வெடியில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதென்று ஆட்சியருக்கு மனு எழுத ஒருவர் வந்தார். குவாரி உரிமத்தை ரத்து செய்ய வேண்டும், யார் பார்வையிட்டு எப்போது என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டோம். அழகான மனு வந்தது. படித்துப் பார்த்தால் உரிமம் ரத்து என்ற கோரிக்கையும் இல்லை, பார்வையிட்டவர் பேச்சும் இல்லை, 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று வழவழவென்று முடித்திருந்தது. விட்டதை விட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் படித்துப் பார்த்ததால் தெரிந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அவசரமாகப் போகிறவர் பிரிண்ட் எடுத்து அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். முழுசாக மறுத்திருந்தால்கூட நானே கையால் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கடைசியாக உங்களிடமே ஒன்று. உங்கள் பத்திரிகையின் இணையதளத்திலும் இப்போது ஒரு சாட் பெட்டி வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊர் ஏரி பற்றி முன்பு வந்த ஒரு செய்தியைத் தேடித் தரக் கேட்டேன். 'இந்தக் கேள்விக்குப் பதிலளிக்க இயலாது' என்றது. அந்தச் செய்தி உங்களிடம் இல்லையா, இருந்தும் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமா, எந்த வருஷத்திலிருந்து ஏற்றியிருக்கிறீர்கள், இல்லாததற்கு அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்று எதுவும் இல்லை. மற்ற கம்பெனிக்காரர்களுக்கு நான் எழுதினால் பதில் வராது. உங்களுடையதையாவது இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள், ஒரு ஆள் அரை நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. எழுதித் தர ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டம்.